பீரங்கிக்கு வழிவிட்ட பல்சக்கரம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டாம் உலகப் போர் விமானம் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். புரொப்பல்லரின் நட்டநடுவில், மூக்குக் கூம்பின் நுனியில் ஒரு துளை இருக்கிறது. பீரங்கிக் குண்டு அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும் என்று படத்தின் கீழே எழுதியிருந்தார்கள். அதற்குப் பின்னால் எஞ்சின் அல்லவா இருக்கிறது? எஞ்சினுக்குள் புகுந்து குண்டு எப்படிப் போகும்?
(திண்டுக்கல் வாசகர்)

பதில்: இதே கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவன் என் மாணவன் ஒருவன். பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு ஆண்டுகள் இயந்திர வரைபடம் கற்பித்தேன். 1994-இல் ஒருநாள், உள்ளீடற்ற தண்டுகளுக்கு எடுத்துக்காட்டாக, "ஜெர்மன் போர் விமானத்தில் கிராங்க் ஷாஃப்டின் நடுவே பீரங்கிக் குழாய் போகும்" என்று சொல்லிவிட்டேன். (பிஸ்டன்களின் முன்பின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட்.) மூன்றாவது பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்தான். "கிராங்க் ஷாஃப்ட் மடங்கி மடங்கித்தானே போகும் ஐயா? அதற்குள் நேரான குழாய் எப்படி நுழையும்?" என்றான். அவன் கேட்டது முழுக்க நியாயம். இரண்டு நாள் நூலகத்தில் உட்கார்ந்து தேடிய பிறகு, நான் சொன்னது தவறு என்று வகுப்பில் அறிவித்துவிட்டு, கரும்பலகையில் படத்தைப் புதிதாகப் போட்டேன். இப்போது உங்களுக்குச் சொல்லப்போவது அந்தப் படத்தைத்தான்.

குண்டு எஞ்சினின் எந்த உறுப்பையும் துளைத்துக்கொண்டு போகவில்லை. எஞ்சினுக்கு நடுவே இயல்பாகவே இருந்த ஒரு பள்ளத்தின் வழியாகப் போனது. அந்தக் காலத்துப் பெரிய போர் விமான எஞ்சின்கள் பலவற்றில் பன்னிரண்டு சிலிண்டர்கள், வரிசைக்கு ஆறாக, ஆங்கில 'வி' எழுத்தைப் போலச் சாய்ந்து நிற்கும். இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம் கிடைக்கும். இரட்டை மாட்டு வண்டியை முன்னால் நின்று பார்த்திருக்கிறீர்களா? இரண்டு மாடுகளுக்கும் நடுவே ஏர்க்கால் நீண்டு வரும். மாட்டின் உடம்பை அது எங்கும் தொடுவதில்லை. பீரங்கிக் குழாயும் அப்படித்தான் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே கிடந்தது.

ஆனால் இதோடு சிக்கல் தீரவில்லை. பள்ளத்தில் படுத்திருக்கும் குழாயின் வாய், புரொப்பல்லர் சுழலும் அச்சில் வந்து முடிய வேண்டும். புரொப்பல்லரை நேராகக் கிராங்க் ஷாஃப்டின் முனையிலேயே மாட்டினால், புரொப்பல்லரின் நடுப்புள்ளி கிராங்க் ஷாஃப்டின் மட்டத்தில் இருக்கும். பள்ளமோ வேறு மட்டத்தில் இருக்கும். இரண்டும் சந்திக்காது. சந்திக்க வைத்தது ஒரு ஜோடிப் பல்சக்கரம்.

தெருவில் கரும்புச்சாறு பிழியும் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு உருளையைச் சக்கரத்தால் சுற்றுகிறார்கள். அதன் ஓரத்தில் இருக்கும் பல்சக்கரம் பக்கத்து உருளையின் பல்சக்கரத்தைக் கடித்துச் சுற்றுகிறது. இரண்டாவது உருளை சுழலும் அச்சு முதலாவதன் அச்சுக்கு விலகி இருக்கிறது. விமான எஞ்சினிலும் அதே ஏற்பாடுதான். கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் சிறிய பல்சக்கரம். அதற்கு மேலே, விலகிய அச்சில், பெரிய பல்சக்கரம். புரொப்பல்லர் இந்தப் பெரிய சக்கரத்தின் தண்டில் மாட்டப்பட்டிருக்கும். அந்தத் தண்டு குழாய் போல உள்ளீடற்றது. இப்போது புரொப்பல்லரின் அச்சு பள்ளத்தின் மட்டத்துக்கு உயர்ந்துவிட்டது. பள்ளத்தில் கிடக்கும் பீரங்கிக் குழாயை நேராக நீட்டி உள்ளீடற்ற தண்டுக்குள் நுழைத்துவிடலாம். தண்டு சுற்றும், உள்ளே இருக்கும் குழாய் அசையாமல் நிற்கும். ஒன்றை ஒன்று தொடாது.

அந்தப் பல்சக்கரம் பீரங்கிக்காகப் பிறந்தது அல்ல என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் அதிகக் குதிரைத்திறன் கிடைக்கும். புரொப்பல்லர் அதே வேகத்தில் சுற்றினால் இதழ்களின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கி, இழுவைத் திறன் வீணாகும். அதனால் எஞ்சினை வேகமாகவும் புரொப்பல்லரை மெதுவாகவும் சுற்ற வைக்கப் பல்சக்கரம் வைத்தார்கள். வைத்தபோது அச்சு விலகியது. அப்படி விலகியதில் பீரங்கிக்கு ஒரு வழி கிடைத்தது.

இதைப் பயன்படுத்தியவர் மார்க் பிர்கிக்ட். சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் 1878-இல் பிறந்து, பார்சலோனாவில் ஹிஸ்பானோ-சுயிசா நிறுவனத்தின் எஞ்சின்களை வடிவமைத்தவர். இப்படி ஒரு பீரங்கியைக் கேட்டவர் பிரெஞ்சு விமானி ஜார்ஜ் கினெமர். முதல் உலகப் போரில் பிரான்ஸ் கொண்டாடிய வீரர். ஒரே குண்டில் எதிரியை வீழ்த்தும் விமானம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. பிர்கிக்ட் எஞ்சினைத் தர, லூயி பெஷெரோ விமானத்தை வடிவமைக்க, 1917-இல் ஸ்பாட் 12 வந்தது. அதன் மூக்கில் 37 மி.மீ. பீரங்கி இருந்தது.

அந்த விமானத்தின் விமானி அறையைக் கற்பனை செய்துபாருங்கள். பீரங்கியின் பின்பகுதி விமானியின் இரு கால்களுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருந்தது. விமானத்தைத் திருப்பும் கைத்தடி இருக்க வேண்டிய இடத்தையே அது பிடித்துக்கொண்டதால், கட்டுப்பாட்டை இருபுறமும் பிரித்து வைக்க வேண்டியிருந்தது. ஒருமுறை சுட்டால் அடுத்த குண்டை விமானி தன் கையால் எடுத்துப் போட வேண்டும். சுட்டவுடன் வெடிமருந்துப் புகை அறை முழுவதும் நிரம்பும். கூடவே, புரொப்பல்லர் இதழ்களில் படாமல் ஊடே சுட வைக்கும் ஒத்திசைவுக் கருவியுடன் ஒரு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியும் இருந்தது. பீரங்கிக்குக் குறி பார்க்கவும் அது உதவியது. பறந்துகொண்டு, குறி பார்த்துக்கொண்டு, புகையில் இருமிக்கொண்டு, கையால் குண்டு மாற்றுவது எல்லாரும் செய்யக்கூடிய வேலை அல்ல. கினெமர் செய்தார். இன்னொரு பிரெஞ்சு விமானி ரெனே ஃபோங்க் செய்தார். சாதாரண விமானிகளுக்கு அது ஒத்துவரவில்லை. கினெமர் 1917 செப்டம்பர் 11 அன்று பெல்ஜியத்தின் புல்கப்பெல் அருகே மறைந்தபோது அவருக்கு வயது 22. அன்று அவர் ஓட்டியது பீரங்கி இல்லாத ஸ்பாட் 13. என்னிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகளைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். அந்தத் தேதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

கேள்வி: புரொப்பல்லர் இதழ்களின் ஊடே சுடுவதற்கு ஒத்திசைவுக் கருவி இருந்ததே! அப்படியிருக்க இவ்வளவு சிரமப்பட்டு எஞ்சின் நடுவே பீரங்கியை வைப்பானேன்? சிறகுகளில் வைத்திருக்கலாமே?
(தூத்துக்குடி வாசகி)

பதில்: ஒத்திசைவுக் கருவி என்பது, இதழ் துப்பாக்கியின் முன்னால் வரும் கணத்தில் சுடவிடாமல் தடுத்து, இதழ் விலகியதும் சுடவிடும் ஏற்பாடு. அது வருவதற்கு முன், 1915-இல், பிரெஞ்சு விமானி ரோலான் காரோஸ் இதழ்களில் எஃகு ஆப்புகளை மாட்டி, படும் தோட்டாக்களைத் தெறிக்கவிட்டுக்கொண்டு பறந்தார். சாதாரணத் தோட்டா இதழில் பட்டால் ஓட்டை விழும். வெடிக்கும் பீரங்கிக் குண்டு பட்டால் இதழே போய்விடும்.

ஜெர்மனியின் மெஸ்ஸெர்ஷ்மிட் 109 போர் விமானத்தின் பிற்கால எஞ்சின் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றும்போது, பல்சக்கரத்தால் குறைந்து புரொப்பல்லர் ஏறக்குறைய 1,650 சுற்று சுற்றும். மூன்று இதழ்கள். அதாவது விநாடிக்கு எண்பது முறைக்கு மேல் ஏதாவது ஒரு இதழ் துப்பாக்கியின் வாயைக் கடந்து போகிறது. இந்த இடைவெளிகளில் பீரங்கியைச் சுட வைக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். ரஷ்யர்களின் லா-5 விமானத்தில் இரண்டு 20 மி.மீ. பீரங்கிகள் ஒத்திசைவோடுதான் சுட்டன. ஜெர்மானியர்களும் ஃபோக்கவுல்ஃப் 190-இல் மின்சாரத்தால் வெடிக்கும் குண்டுகளை வைத்து அதைச் செய்தார்கள். அந்த இரண்டு விமானங்களிலும் சிலிண்டர்கள் வட்டமாக அடுக்கப்பட்ட எஞ்சின், நடுப்பள்ளம் கிடையாது. வேறு வழியில்லை. ஆனால் ஒத்திசைவு வைத்தால் சுடும் வேகம் குறையும். நடு அச்சில் வைத்த பீரங்கி யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

சிறகு விஷயத்துக்கு வருகிறேன். இரவில் இரண்டு கைகளையும் அகல விரித்து, இரண்டு டார்ச் விளக்குகளைப் பிடித்து, எதிரே இருக்கும் சுவரில் இரண்டு வெளிச்சமும் ஒரே இடத்தில் விழும்படி செய்யுங்கள். பிறகு நாலடி பின்னால் வாருங்கள். வெளிச்சம் பிரிந்துவிடும். நாலடி முன்னால் போனாலும் பிரியும். சிறகுத் துப்பாக்கிகளின் நிலைமை இதுதான். பிரிட்டிஷ் விமானங்களில் 250 கெஜ தூரத்தில் எல்லாத் தோட்டாக்களும் கூடும்படி வைத்தார்கள். எதிரி அந்தத் தூரத்தில் இருந்தால் நல்லது. நடு அச்சுப் பீரங்கிக்கு இந்தக் கவலை இல்லை. விமானத்தின் மூக்கு எங்கே நோக்குகிறதோ குண்டு அங்கே போகும். பின்னுதைப்பும் விமானத்தின் நடுக்கோட்டிலேயே விழுவதால் மூக்கு ஒரு பக்கம் திரும்பாது.

இன்னொரு பெரிய நன்மை எஞ்சினின் எடை. அரை டன் உலோகத்தோடு இறுகப் பூட்டப்பட்ட பீரங்கி அசையாது. பிர்கிக்டின் 20 மி.மீ. ஹிஸ்பானோ 404 பீரங்கி அப்படி இறுகப் பூட்டுவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. இதைப் பிரிட்டிஷார் வாங்கி ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெல்லிய சிறகில் வைத்தார்கள். குண்டுப் பெட்டி உருளை வடிவம், சிறகுக்குள் அடங்கவில்லை. எனவே பீரங்கியைப் பக்கவாட்டில் படுக்கவைத்தார்கள். பறக்கும்போது சிறகு நெளியும், அதில் இருக்கும் பீரங்கியும் நெளியும், குண்டு சிக்கும். 1940-இல், பிரிட்டன் தன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், 19-ஆம் எண் படைப்பிரிவின் விமானிகள் பீரங்கி வேண்டாம், எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் கொண்ட பழைய விமானங்களையே கொடுங்கள் என்று கேட்டு, செப்டம்பர் தொடக்கத்தில் வாங்கிக்கொண்டார்கள். குறையைச் சரிசெய்து, அடுத்த ஆண்டிலிருந்து பிரிட்டிஷார் அதே பீரங்கியை ஆயிரக்கணக்கில் சிறகுகளில் பொருத்தினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய மெர்லின் எஞ்சினில் நடுப்பள்ளத்தைக் காற்றுக் குழாய்களும் பின்புறத்தை, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜரும் பிடித்துக்கொண்டிருந்தன. பீரங்கியை மனதில் வைத்து அது வரையப்படவில்லை.

ஒரு எஞ்சினை இதற்கென்று முதல் நாளிலிருந்தே வரைய வேண்டும் என்பதை ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் எஞ்சினைப் பார்த்தால் தெரியும். அதில் 'வி' தலைகீழ்: கிராங்க் ஷாஃப்ட் மேலே, சிலிண்டர்கள் கீழே தொங்கும். பல்சக்கரம் புரொப்பல்லர் அச்சைக் கீழே இறக்கிவிடும். எஞ்சினுக்குப் பின்னால் பீரங்கி உட்கார வேண்டும் என்பதால், வழக்கமாக எஞ்சினின் பின்புறத்தில் நேராக மாட்டப்படும் சூப்பர்சார்ஜரைத் தூக்கி இடது பக்கவாட்டில் வைத்தார்கள். பக்கவாட்டுக்கு விசையைக் கொண்டுபோக, கிராங்க் ஷாஃப்டிலிருந்து செங்கோணத்தில் திருப்பி, நடுவில் எண்ணெய் நிரம்பிய ஒரு இணைப்பை வைத்தார்கள். ஒரு குழாய்க்கு இடம்விட எஞ்சினின் முதுகையே மாற்றி அமைத்திருக்கிறார்கள். அந்த வரைபடத்தை நான் நான்கு முறையாவது கையால் வரைந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த வரைவாளர்களின் பொறுமை மீது மதிப்பு கூடியது.

அப்படியும் உடனே வெற்றி கிடைக்கவில்லை. தொடக்கத்தில் வைத்த பீரங்கி எஞ்சினின் அதிர்விலும் வெப்பத்திலும் அடிக்கடி சிக்கியது. மெஸ்ஸெர்ஷ்மிட் 109-இன் 'இ' வகையில் பீரங்கிகளைச் சிறகுக்கு மாற்றினார்கள். 1941-இல் வந்த 'எஃப்' வகையில்தான் நடு அச்சுப் பீரங்கி நிலைத்தது. அதன் எஃப்-4 விமானத்தில் 20 மி.மீ. மவுசர் பீரங்கி, 200 குண்டுகள். சிறகில் ஒன்றுமே இல்லை, எஞ்சினுக்கு மேலே இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் மட்டும். இதில் ஜெர்மன் விமானிகளே இரண்டு கட்சி. வெர்னர் மோல்டர்ஸ், நடுவில் நன்றாகச் சுடும் ஒன்று போதும் என்றார். அடோல்ஃப் காலண்ட், சராசரி விமானிக்கு இது போதாது என்று சொல்லி, தன் விமானத்தில் கூடுதல் துப்பாக்கிகளைப் பொருத்திக்கொண்டார். என் கருத்து காலண்ட் பக்கம். குறி தவறாத கைக்கு நடுவில் ஒரு பீரங்கி போதும். ஆனால் போரில் பறந்த பையன்களில் பலர் போதிய பயிற்சி இல்லாமல் வந்தவர்கள்.

கேள்வி: இப்படி வைக்கப்பட்ட பீரங்கிகளில் மிகப் பெரியது எது?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: ரஷ்யர்களின் யாக்-9கே விமானத்தில் இருந்த 45 மி.மீ. பீரங்கி. 53 விமானங்கள்தான் செய்தார்கள். புரொப்பல்லர் தண்டின் உட்துளைக்குள் அடங்கும்படி குழாயை மெலிதாக்க வேண்டியிருந்தது. பின்னுதைப்பைக் குறைக்க, மூக்குக் கூம்புக்கு வெளியே குழாயின் வாயில் ஒரு பெரிய தடுப்பானை மாட்டினார்கள். மெதுவாகப் பறக்கும்போது சுட்டால் விமானமே தடுமாறும்.

அதிகம் பயன்பட்டது அதன் தம்பியான யாக்-9டி. 37 மி.மீ. பீரங்கி; ஒரு குண்டின் எடை சுமார் 735 கிராம். முக்கால் கிலோ எடையைக் கையில் தூக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட அதுதான், விநாடிக்கு நான்கு வீதம். பீரங்கி நீளமாக இருந்ததால் விமானி அறையையே 40 செ.மீ. பின்னுக்குத் தள்ளினார்கள். முப்பது குண்டுகள் சொச்சம்தான் இடம் கொண்டது. ஒரே அழுத்தில் ஒன்று அல்லது இரண்டு குண்டுக்கு மேல் சுட்டால் குறி கலைந்துவிடும். அப்படியும் இந்த வகையில் 2,700-க்கும் மேற்பட்ட விமானங்கள் செய்தார்கள் என்றால், அதை ஓட்டியவர்கள் அதை நம்பினார்கள் என்று பொருள்.

ஜெர்மானியர்கள் வேறு திசையில் போனார்கள். அமெரிக்காவின் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் கூட்டம் கூட்டமாக வந்தபோது 20 மி.மீ. போதவில்லை. மூக்கில் 30 மி.மீ. எம்.கே.108 பீரங்கியை வைத்தார்கள். குட்டையான குழாய், 330 கிராம் குண்டு, அதற்குள் நிறைய வெடிமருந்து. குழாய் குட்டையாக இருந்ததால் குண்டு விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில்தான் புறப்படும். தொலைவில் வளைந்து கீழே விழும். ஆகவே விமானி, எதிரியின் பல துப்பாக்கிகள் தன்னை நோக்கிச் சுடும்போது, மிக அருகில் போய்த்தான் சுட முடியும். அந்த அருகாமை எத்தனை பேரைக் கொன்றிருக்கும் என்பதை நினைக்காமல் அந்தப் பீரங்கியின் திறனைப் பற்றி மட்டும் பேச எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: அமெரிக்காவின் ஐராகோப்ரா விமானத்திலும் புரொப்பல்லர் நடுவில் பீரங்கி இருந்ததாமே? அதுவும் இதே முறைதானா?
(கோவை வாசகர்)

பதில்: இல்லை. பெல் நிறுவனத்தின் பி-39 ஐராகோப்ராவில் எஞ்சினையே விமானிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து ஏறக்குறைய பத்தடி நீளத் தண்டு ஒன்று விமானியின் இருக்கைக்கு அடியில், கால்களுக்கு நடுவே ஓடி, மூக்கில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியைச் சுற்றியது. மூக்கு காலியானதால் 37 மி.மீ. பீரங்கியும் 30 குண்டுகளும் அங்கே தாராளமாக உட்கார்ந்தன. குண்டு புரொப்பல்லரின் நடுவே போனது. எஞ்சினின் நடுவே போகவில்லை. பல்சக்கரத்தால் அச்சு விலகியது என்ற அடிப்படை மட்டும் இங்கேயும் அதேதான்.

இந்த விமானங்களில் 4,700-க்கும் மேற்பட்டவை சோவியத் ஒன்றியத்துக்குப் போயின. அங்கே டாங்கிகளைத் தாக்கத்தான் இவற்றைப் பயன்படுத்தினார்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், நம்பாதீர்கள். கவசம் துளைக்கும் குண்டுகள் அவர்களுக்கு அனுப்பப்படவேயில்லை. வான்சண்டைக்குத்தான் அவர்கள் இதை விரும்பி ஓட்டினார்கள். அலெக்சாண்டர் போக்ரிஷ்கின் அவர்களில் முதன்மையானவர்.

கேள்வி: இவற்றை நேரில் பார்க்க முடியுமா?
(அதே திண்டுக்கல் வாசகர்)

பதில்: பாரிஸ் நகரை ஒட்டிய லெ பூர்ஜே விமான அருங்காட்சியகத்துக்குப் போகும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். மகள் வீட்டுக்குப் போனபோது மூன்று நாள் தொடர்ந்து போனேன். கினெமர் ஓட்டிய 'வியூ சார்ல்' அங்கே இருக்கிறது. அது பீரங்கி இல்லாத ஸ்பாட் 7. 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்த வாரங்களில் பறந்த தெவுவாத்தீன் 520 வகை விமானமும் இருக்கிறது. அதன் மூக்கில் பிர்கிக்டின் 404 பீரங்கி, 60 குண்டுகள். விசையை விடாமல் அழுத்தினால் ஐந்தாறு விநாடியில் தீர்ந்துவிடும்.

மூன்றாவதாக ஒரு யாக்-3 நிற்கிறது. அதன் முன்னால் நான் நீண்ட நேரம் நின்றேன். பிர்கிக்டின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினுக்கு 1930-களில் ரஷ்யர்கள் உரிமம் வாங்கினார்கள். கிளிமோவ் என்ற வடிவமைப்பாளர் அதை மாற்றி மாற்றி வளர்த்தார். யாக் விமானங்களின் மூக்கில் இருந்தது அந்த எஞ்சின்தான். அதன் நடுவே ரஷ்யர்களின் சொந்த 20 மி.மீ. ஷ்வாக் பீரங்கி. தாய்நாட்டை இழந்த பிரெஞ்சு விமானிகள் சிலர் ரஷ்யாவுக்குப் போய், நார்மண்டி-நியேமன் என்ற படைப்பிரிவில் சேர்ந்து, இந்த யாக் விமானங்களில் போரிட்டார்கள். போர் முடிந்ததும் ஸ்டாலின் அந்த விமானங்களை அவர்களுக்கே கொடுத்துவிட்டார். 1945 ஜூன் மாதம் அவற்றை ஓட்டிக்கொண்டே வந்து இதே லெ பூர்ஜேயில் இறங்கினார்கள்.

யாக்-3-இன் மூக்குக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் கூம்பின் நடுவே அந்தத் துளை தெரியும். ஒரு சிறு எலுமிச்சம்பழம் உள்ளே போகும் அளவுதான் இருக்கும்.